பூஞ்சை செல்லின் சுவரை மட்டும் கரைப்பது எப்படி? புரோட்டோபிளாஸ்ட் தயாரிப்பு பற்றி முழு விளக்கம்

குளிர்பானம், ஜாம், மருந்து சிரப் எனப் பலவற்றில் சேர்க்கப்படும் சிட்ரிக் அமிலம் இன்று பெரும்பாலும் எலுமிச்சையில் இருந்து வருவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சைதான் அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. 1919-லேயே அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம் இந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது.

இப்படிப்பட்ட பூஞ்சைகளின் மரபணுவை மாற்ற முயலும்போது முதல் தடையாக நிற்பது அவற்றின் செல் சுவர். அதைத் தாண்ட உதவுவதுதான் புரோட்டோபிளாஸ்ட்.

புரோட்டோபிளாஸ்ட் என்றால் என்ன?

சுவர் முழுவதும் நீக்கப்பட்டு, மெல்லிய சவ்வு மட்டுமே மிஞ்சியிருக்கும் உயிருள்ள செல்தான் புரோட்டோபிளாஸ்ட். நீளமான நூல் போல வளரும் இழைப் பூஞ்சை, சுவர் போனதும் குட்டிக் குட்டி உருண்டைகளாக மாறிவிடும்.

பூஞ்சைச் சுவரில் குளுக்கன், கைட்டின் போன்ற பொருட்கள் பின்னிக் கிடக்கின்றன. இறால் ஓட்டில் இருப்பதும் இதே கைட்டின்தான். வெளியில் இருந்து டிஎன்ஏ இதைத் துளைத்து உள்ளே போவது கடினம்.

சுவரைக் கரைப்பது எது?

நொதிகள், அதாவது என்சைம்கள். 1957-ல் ஈஸ்ட் செல்லின் சுவரைக் கரைக்க நத்தையின் செரிமானச் சாறு பயன்படுத்தப்பட்டது. பிறகு டிரைக்கோடெர்மா பூஞ்சையின் நொதிகள் புழக்கத்துக்கு வந்தன. விவசாயிகள் விதைநேர்த்திக்குப் பயன்படுத்தும் அதே டிரைக்கோடெர்மா இனம்தான் இது. மற்ற பூஞ்சைகளின் சுவரை அரித்துத் தின்பது அதன் இயல்பு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பல ஆய்வகங்கள் நம்பியிருந்த 'நோவோசைம் 234' என்ற நொதிக் கலவை ஒரு கட்டத்தில் சந்தையில் இருந்து நிறுத்தப்பட்டது. வேறு கலவைக்கு மாறியவர்கள் அளவு, நேரம் எல்லாவற்றையும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டி வந்தது.

கவனிக்க வேண்டியவை என்னென்ன?

• பூஞ்சையின் வயது: இளம் இழைகளே ஏற்றவை. வேகமாக வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் பொதுவாக 12 முதல் 18 மணி நேர வளர்ச்சி போதும். வயது ஏற ஏற சுவர் தடித்து, நொதி வேலை செய்வது கடினமாகிவிடும்.

• உப்பு அல்லது சர்க்கரைக் கரைசல்: சுவர் இல்லாத செல்லை வெறும் தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். அதைத் தடுக்க 0.6 மோலார் பொட்டாசியம் குளோரைடு (லிட்டருக்குச் சுமார் 45 கிராம்), 1.2 மோலார் மெக்னீசியம் சல்பேட் அல்லது சார்பிட்டால் போன்ற கரைசல் தேவை.

• வெப்பமும் அமிலத்தன்மையும்: பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸ், பிஹெச் 5.5 முதல் 6 வரை.

• நேரம்: வழக்கமாக 2 முதல் 4 மணி நேரம். குறைந்தால் சுவர் மிஞ்சும். ரொம்ப நேரம் விட்டால் சவ்வும் சேதமாகும். அதனால் இடையிடையே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குலுக்குவதும் மெதுவாகத்தான்.

இவை ஒன்றையொன்று பாதிப்பவை. நொதியைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். 5 காரணிகளை 3 அளவுகளில் சோதித்தாலே 243 சேர்க்கைகள் வரும். அதனால்தான் எல்லாவற்றையும் செய்து பார்க்காமல், புள்ளியியல் முறையில் சில சேர்க்கைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறார்கள்.

எண்ணிக்கை அதிகமாக இருந்தால் வெற்றியா?

இல்லை. ஒரு மில்லி லிட்டரில் ஒரு கோடி உருண்டைகள் தெரியலாம். ஆனால் அவற்றில் எத்தனை மீண்டும் சுவர் கட்டி வளரும் என்பதுதான் முக்கியம். சிலவற்றில் உட்கரு கூட இருக்காது.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பகுதியைச் சார்பிட்டால் கலந்த தட்டில் வளர்ப்பார்கள். இன்னொரு பகுதியைத் தண்ணீரில் கலந்து, சாதாரண தட்டில் விடுவார்கள். தண்ணீரில் புரோட்டோபிளாஸ்ட்டுகள் வெடித்துவிடும் என்பதால், அங்கே வளர்பவை சுவர் கரையாத இழைத் துண்டுகளே. அந்த எண்ணிக்கையைக் கழித்தால்தான் உண்மையான மீள்வளர்ச்சி விகிதம் தெரியும்.

இதனால் என்ன பயன்?

தயாரான புரோட்டோபிளாஸ்ட்டுடன் கால்சியம், பாலிஎத்திலீன் கிளைக்கால், டிஎன்ஏ சேர்த்தால், டிஎன்ஏ உள்ளே நுழையும். 1979-ல் நியூரோஸ்போராவிலும், 1983-ல் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸிலும் இப்படி மரபணு மாற்றம் செய்யப்பட்டது. 2015-ல் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளில் கிரிஸ்பர் முறையைக் கொண்டுவந்தபோதும் நுழைவாயில் இதே புரோட்டோபிளாஸ்ட்தான்.

அக்ரோபாக்டீரியம் போன்ற மாற்று வழிகளும் இருக்கின்றன. ஆனாலும் விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாததால் புரோட்டோபிளாஸ்ட் முறைக்கு இன்றும் மவுசு குறையவில்லை. ஒரு பூஞ்சைக்குச் சரியாக வந்த அளவு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது. புதிய பூஞ்சை என்றால், சோதனையையும் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.