சபரி ஆசிரமமும் எல்லைப்புறப் பள்ளிகளும்

கேரளத்தின் கிழக்கெல்லையை வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துச் செல்வோமாயின், அட்டப்பாடி மலைகள் வருகின்றன. அடுத்துப் பாலக்காட்டுக் கணவாயும், அதனைத் தொட்டுச் சித்தூர்ச் சமவெளியும் உள்ளன. ஆனைமலைத் தொடரைக் கடந்தால் மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய தேயிலை மலைகள். இன்று இவை பாலக்காடு, இடுக்கி என்னும் இரு மாவட்டங்களுள் அடங்கியுள்ளன. ஆனால் நாடு விடுதலை பெறும் வரையில் இவை மூன்று வேறு ஆட்சிகளின் மூலைகளாகக் கிடந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது; சித்தூர் கொச்சி அரசின் தனித்துண்டு; தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியவை. மூலையில் உள்ள ஊருக்குப் பள்ளிக்கூடம் கடைசியாகத்தான் வந்து சேரும். அந்த ஊரிலும் தாழ்த்தப்பட்டோர் வீட்டுக் குழந்தைக்கு அது இன்னும் தாமதமாகவே வரும். அவ்வாறு வந்த வரலாற்றில் சில பகுதிகளை நாம் இங்கே காண்போம்.

முதலிற் சொல்லத்தக்கது பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில் அமைந்த சபரி ஆசிரமம். இற்றைக்கு நூறாண்டுகட்கு முன்னர், 1920-களின் தொடக்கத்தில், டி. ஆர். கிருஷ்ணஸ்வாமி ஐயர் அதனைத் தோற்றுவித்தார். அவர் பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் குலத்தினர், வழக்கறிஞர், காங்கிரஸ் தொண்டர். வைக்கம் சத்தியாக்கிரகத்திற் பங்கு கொண்டவர். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது பாலக்காட்டிலிருந்து பையன்னூர் வரை தொண்டர்களை நடத்திச் சென்றவரும் அவரே. 1935-இல் அவர் காலமானார்.

அக்காலத்துப் பாலக்காடு எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். ஒரு சாதியார் இன்னொரு சாதியாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கு அந்த மண்ணில் வழங்கியது. நாயாடிகள் என்னும் மக்கள், தம்மைக் கண்டாலே தீட்டு என்று கருதப்பட்டமையால், வயல் வரப்பில் தொலைவில் நின்று கூவிப் பிச்சை கேட்க வேண்டியவராயினர். அவர்களைப் பற்றி மானிடவியலறிஞர் ஏ. அய்யப்பன் எழுதிய ஆய்வு நூல் 1937-இல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. பொதுத் தெருக்கள் எல்லார்க்கும் உரியன என்று சென்னை அரசாங்கம் 1924-இல் அறிவித்தது. அவ்வாண்டே கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். தெருவிலேயே நடக்கவொண்ணாத ஒரு பிள்ளை, அத்தெருவைத் தாண்டியிருக்கும் பள்ளிக்கு எவ்வாறு செல்லும்?

கிருஷ்ணஸ்வாமி ஐயர் இக்கேள்விக்கு மேடையில் விடை கூறியதோடு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளை ஆசிரமத்திற்கு அழைத்து வந்து தங்கவைத்தார். பிற சாதிப் பிள்ளைகளும் அவர்களோடு ஒரே பந்தியில் உண்டனர், ஒரே கூரையின்கீழ் உறங்கினர், ஒன்றாகப் படித்தனர். அவருடைய மனைவியார் ஈசுவரி அம்மாளும் இப்பணியில் உடன் நின்றார். சமபந்தி உணவு உண்டதற்காக ஐயரை அக்கிரகாரத்தார் ஒதுக்கி வைத்தனர். இராமாயணத்துச் சபரி வேட்டுவ குலத்து மூதாட்டி. அவள் தந்த கனியை இராமன் மறுக்கவில்லை. ஆசிரமத்திற்கு அப்பெயர் இட்டவர் ஊரார்க்குத் தனியே விளக்கவுரை ஏதும் சொல்ல வேண்டியிருந்திராது.

காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இங்கு வந்தார். மூன்றாம் வருகை அவருடைய ஹரிஜன யாத்திரையின்போது நிகழ்ந்தது. 1932-இல் ஹரிஜன சேவக சங்கம் தோன்றிய பின்னர் ஆசிரமத்தின் பணி அச்சங்கத்தின் பணியோடு இணைந்தது. காந்தியடிகளின் வருகையைப் பற்றி எழுதியோர் பலர். எமக்கோ அதனினும் அந்த ஆசிரமத்துச் சமையற்கட்டே பெரிதாகத் தோன்றுகிறது. எழுத்தறிவித்தலைக் காட்டிலும் கடினமானது, எழுதப் படிக்க வந்த பிள்ளைக்கு அச்சமின்றி உண்ணவும் உறங்கவும் ஓரிடம் அமைத்துத் தருவது. சர்க்கார் பள்ளிகளின் கதவைச் சட்டம் திறந்துவிட்ட இடங்களிலுங்கூட இக்குறை நிறைவேறவில்லை. அதனை நிறைவேற்றியவை இத்தகைய தன்னார்வ நிலையங்களே.

மலபாரில் நிலைமை இவ்வாறிருக்க, தெற்கே தேயிலை மலைகளில் தடை வேறு வடிவில் நின்றது. 1877-இல் பூஞ்ஞாற்று மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்க் காடு தேயிலையாயிற்று. கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொணர்ந்தனர். லயங்களிற் பிறந்த குழந்தைகளின் தாய்மொழி தமிழ். அவர்கள் வாழ்ந்த மண்ணின் ஆட்சியோ திருவிதாங்கூருடையது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. எல்லை எங்கே அமைந்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை நாம் இங்கே மீண்டும் எடுக்கப் போவதில்லை. எல்லை எங்கே விழுந்தாலும் அதன் இருபுறமும் குழந்தைகள் இருந்தே தீர்வர். அவர்களுக்கு எம்மொழியிற் பாடம் சொல்வது என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு விடையாக அதே 1956-இல் அரசியலமைப்பின் ஏழாம் திருத்தம் ஒரு புது விதியைச் சேர்த்தது. அது 350-ஏ என்னும் விதி. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்வது பற்றி அது பேசுகிறது. மொழிபெயர்ப்பு எமது தொழிலாகலின், சட்டங்களில் வினைச்சொல்லையே முதலில் தேடுவது எமக்கு வழக்கம். அவ்விதியின் வினைச்சொல் ‘அளிக்க’ என்பதன்று, ‘முயல்க’ என்பதே. தோட்டத் தொழிலாளர் நலனுக்காக 1951-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தோட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருப்பின், முதலாளி கல்வி வசதி செய்து தருமாறு மாநில அரசு விதிகள் வகுக்கலாம் என்று அது கூறிற்று. அங்கே வினை ‘வகுக்கலாம்’. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஆனால் ‘இயன்ற வரையில்’ என்ற சொற்களையும் உடன் சேர்க்கிறது. சட்டம் எழுதியவர்களைக் குறை கூறுவது எமது கருத்தன்று. ‘முயல்க’, ‘வகுக்கலாம்’, ‘இயன்ற வரையில்’ என்னும் இம்மூன்று சொற்களுக்குள் ஒரு லயத்துக் குழந்தையின் பள்ளிப் பருவம் முழுவதும் கழிந்துவிடக்கூடும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

சாதித் தடையும் முற்றும் ஒழிந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. பாலக்காட்டு மாவட்டத்து முதலமடையில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில், தமிழ்நாட்டில் அருந்ததியர் எனப்படும் சமூகத்தார் வாழ்கின்றனர், தமிழ் பேசுவோர். தேநீர்க் கடைகளில் தமக்கு வேறுபாடு காட்டப்படுகிறது என்று அவர்கள் எழுப்பிய முறையீடு 2017-இல் செய்தித்தாள்களில் வந்தது. அகத்தேத்தறையும் அதே மாவட்டத்தில்தான் உள்ளது.

மலைமேல் வாழும் பழங்குடியினர்க்குத் தொலைவும் ஒரு தடை. மூணாற்றிற்கு அப்பால் காட்டினுள் இருப்பது இடமலைக்குடி, முதுவர் வாழுமிடம். மதுரையிலிருந்து முதுகிற் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றனர் என்பது அவர்கள் வழங்கும் மரபுக் கதை. அவர்களது பேச்சும் தமிழுக்கு அணித்தானது. 2010-இல் இடமலைக்குடி கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்குச் செல்லும் வழியிலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்து, லயங்களில் உறங்கிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் எழுபதுபேர் மாண்டனர். மாண்டோரில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர்.

இத்தகைய காட்டூர்களுக்காகக் கேரள அரசு 1990-களின் பிற்பகுதியில் ஓராசிரியர் நிலையங்களைத் திறந்தது. பல வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்திற் கற்கும் முறை அது. ஆந்திரத்து ரிஷிவாலியில் ஒரு தன்னார்வக் கல்வி நிலையம் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கிய முறையே அதற்கு வழிகாட்டியாயிற்று. ஆசிரியர்கள் ஆற்றைக் கடந்தும் காட்டுவழி நடந்தும் சென்றனர். 2022-இல் அந்நிலையங்கள் மூடப்பட்டன. பிள்ளைகளை முறையான பள்ளிகளுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. பெரிய பள்ளியில் ஆசிரியர் பலர் உண்டு, நூலகம் உண்டு என்பது உண்மையே. ஆறு வயதுக் குழந்தை அங்கே சென்று சேர வண்டியோ விடுதியோ வேண்டும் என்பதும் உண்மை. விடுதி என்றதும் பேச்சு மறுபடியும் சமையற்கட்டிற்கே வந்துவிடுகிறது.

விடுதிக்கு அடுத்தபடி மொழி. வயநாட்டில் 2017-இல் ‘கோத்ரபந்து’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றுப் பின்னர் அட்டப்பாடிக்கும் வந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்களையே தொடக்கப்பள்ளிகளில் அமர்த்துவது அதன் ஏற்பாடு. அட்டப்பாடியில் இருளரும், முடுகரும், குறும்பரும் வாழ்கின்றனர். மூவர் பேச்சும் பாடநூலின் மலையாளத்தினின்று வேறுபட்டது. முதல் வகுப்பில் வந்தமர்ந்த இருளக் குழந்தை தன் வீட்டுப் பேச்சில் தண்ணீர் கேட்டால், அதனை விளங்கிக்கொண்டு எழுந்து சென்று எடுத்துவர வகுப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அங்கே அமர்த்தப்பட்டனர்.