புதுச்சேரி அச்சுயந்திரமும் ஆங்கில வினைச்சொல்லும்

1761 ஜனவரியில் பிரெஞ்சு சேனாதிபதி லாலி சரணடைந்து, புதுச்சேரி ஆங்கிலேய சேனாதிபதி அயர் கூட்டின் வசமானபோது, கைப்பற்றப்பட்ட பொருள்களிடையே அச்சுயந்திரம் ஒன்றும் இருந்தது. யுத்தத்தின் விநோதங்களுள் இதுவும் ஒன்று: பிரெஞ்சுக்காரருடைய அந்த யந்திரம், சென்னை வேப்பேரியிலிருந்த ஜெர்மானியப் பாதிரியார் பாப்ரிசியுஸிடம், ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனியின் காரியங்களுக்கே முதலிடம் என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டு, ஆங்கில பாஷைக்கும் தமிழுக்கும் பாலமமைக்கும் தொண்டில் ஈடுபடலாயிற்று. வேப்பேரி அச்சகத்திலிருந்து 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதியும், 1786-இல் ஆங்கில–தமிழ் அகராதியும் வெளியாயின.

பின்னதன் சிரமத்தை இலக்கணம் பயின்றோர் நன்கறிவர். ‘வந்தாள்’ என்னும் ஒரே வினைமுற்றில் திணை, பால், எண், இடம், காலம் அனைத்தையும் அடக்கிப் பழகிய நமக்கு, எழுவாயின் துணையின்றி வந்தவர் யாரென்று சொல்லமாட்டாத ஆங்கில வினை சற்று வறியதாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆயினும், துணைவினைகளைச் சேர்த்து அது காட்டும் கால நுட்பங்கள் அற்பமானவையல்ல.

புதுச்சேரியோ, பறிகொடுத்த கலையைப் பின்னர் மீட்டுக்கொண்டது. மூஸே, துப்புய் என்னும் பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, இவ்வூர் மிஷன் அச்சகத்தில் 1855-இலும் 1862-இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபின், ஆங்கிலம் அலுவலகங்களிலும் பிரவேசித்தது. பிரெஞ்சு வினை விகற்பங்களை மனனம் செய்தே வளர்ந்த குமாஸ்தாக்களுக்கு, ஆங்கில வினை அத்தனை பயங்கரமாக இருந்திராது.