வனச் சட்டமும் தீவகத்தின் நிலமும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி நயினாதீவை அடைவோரின் கண்ணில் முதலில் படுவது நாகபூஷணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையும், அவற்றைச் சூழ நிற்கும் பனங்கூடல்களுமே. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்த இத்தீவின் பரப்பு ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீற்றர் மாத்திரமே. அடர்ந்த காடு எதுவும் இங்கில்லை. ஆகவே வனச் சட்டத்துக்கும் தீவக மக்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். உண்மையில் இங்குள்ள ஒவ்வொரு பரப்புக் காணியின் மீதும் ஏதேனுமொரு பாதுகாப்புச் சட்டத்தின் நிழல் விழுகின்றது.

காய்க்கும் பெண்பனையைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறவேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாகக் கொள்கின்றது. பெருநிலப்பரப்பில் இது ஓர் ஒடுங்கிய பட்டி. நயினாதீவு போன்ற சிறு தீவிலோ குடியிருப்பு நிலத்தின் கணிசமான பகுதி இதற்குள் அடங்கிவிடும். இச்சட்டங்கள் அவசியமற்றவை என்பதல்ல எமது வாதம். அவற்றின் அடித்தளத்தில் நிலம் யாருடையது என்பது பற்றிய எத்தகைய எண்ணம் உறைந்துள்ளது என்பதையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் காணி, தோட்டம், மரம் ஆகியவற்றின் உரிமைகளை ஊர் வழக்கின்படி ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் வேறு வழியிற் சென்றனர். கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு நிலம் தேடிய காலத்தில், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என அது அனுமானித்தது. நிரூபிக்கும் பாரம் குடிமகனின் தலையிலேயே சுமத்தப்பட்டது. மாடு மேயும் தரவைக்கும், விறகு பொறுக்கும் பற்றைக்கும் உறுதி எழுதி வைத்திருந்தவர் எவர்? எழுத்தில் இல்லாத உரிமை, இல்லாத உரிமையாகவே கொள்ளப்பட்டது.

இவ்வனுமானத்தின் மீதே பிந்திய சட்டங்கள் எழுந்தன. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம், 2009 இல் வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்று இன்றும் நடைமுறையிலுள்ளது. 1931 இன் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமும், 1937 இன் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அவ்வாறே. முடி போய் அரசு வந்தது, அனுமானம் மாறவில்லை.

அயலிலுள்ள நெடுந்தீவைப் பார்ப்போம். 2015 ஜூன் 22 ஆம் திகதி அங்கு ஏறத்தாழ 1,846 ஹெக்டெயர் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நிலம் இது. வரட்சிக் காலத்தில் நீரின்றித் தவிக்கும் காட்டுக் குதிரைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. எனினும் பாதுகாப்பு என்பது ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. சரணாலயத்தினுள் தனியார் காணி இருக்கலாம். இயற்கை ஒதுக்கத்தில் பாரம்பரிய நடவடிக்கைகள் தொடரலாம். தேசிய பூங்காவிலோ பார்வைக்கும் ஆய்வுக்கும் மாத்திரமே, அதுவும் அனுமதியுடனேயே, புகமுடியும். எந்த வகையைத் தெரிவுசெய்வது என்பது மேய்ச்சலையும் விறகையும் நம்பிய குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும் விடயம். ஆயினும் அங்கு வாழ்வோரின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே வர்த்தமானி வெளியிட வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை.

இதன் கூர்முனையை அனுபவித்தவர்கள் மன்னார் முசலிப் பிரதேச முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்களும் அடங்குவர். அவர்கள் அகதிகளாய் இருந்த காலத்தில் வளவுகளிற் காடு வளர்ந்தது. 22 ஆண்டுகளின் பின், 2012 ஒக்டோபரில், அப்பகுதி நிலங்கள் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் ஏறின. 2017 மார்ச்சில் அவையும் அயற்காடுகளும் சேர்த்து 40,030 ஹெக்டெயர் மாவில்லு பேணற்காடாக்கப்பட்டன. திரும்பியவர்கள் ‘வில்பத்துவை அழிப்போர்’ எனத் தென்னிலங்கையில் தூற்றப்பட்டனர்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. கல்லாறு வனப்பகுதியில் குடியேற்றத்துக்காகக் காடழிக்கப்பட்டமை சட்டவிரோதமானது என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் றிசாத் பதியுதீனின் செலவில் மீள்வனமாக்குமாறு பணித்தது. அரசியல் செல்வாக்கினால் காடு வெட்டப்படுவதை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் காணிக்காரன் ஊரில் இல்லாத வேளையில் வரையப்பட்ட எல்லைக்கோடு நியாயமானதா என்ற வினாவுக்கு அத்தீர்ப்பு விடையாகிவிடாது.

தமிழர்க்கும் இதே வினா வேறு உருவில் வந்தது. 2025 மார்ச் 28 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று, வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடில் அவை அரச காணியாகும் என்றது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது அதே 1931 ஆம் ஆண்டுச் சட்டம். உரித்தாளர் பலர் புலம்பெயர்ந்து வாழ்கின்றனர். பலரின் உறுதிகள் போரில் எரிந்து போயின. கடும் எதிர்ப்பெழுந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, அரசாங்கம் அறிவித்தலை மீளப்பெற்றது. அறிவித்தல் போயிற்று, அதனைப் பிறப்பித்த சட்டம் அப்படியே இருக்கின்றது.

மக்களுக்கு இத்துணை இறுக்கமான சட்டம் முதலீட்டுக்கு நெகிழ்வதையும் கண்டோம். மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தின் ஒரு பகுதி, நீருயிரின வளர்ப்புக்கென 2024 இல் வர்த்தமானி மூலம் விடுவிக்கப்பட்டது. சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று. 2001 இன் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் காக்கப்பட்ட ஏனைய அரச காடுகளின் பொறுப்பு 2020 நவம்பரில் வனவளத் திணைக்களத்திடமிருந்து நீக்கப்பட்டதும் ஒரு சுற்றறிக்கையின் மூலமேயாகும். பேனா முனையொன்றில் காடு பிறப்பதும் இறப்பதும் பாதுகாப்பு ஆகாது.

அயல்நாடான இந்தியாவும் ஆங்கிலேயரின் வனச் சட்டத்தையே சுவீகரித்தது. எனினும் 2006 இல் வன உரிமைச் சட்டத்தை இயற்றி, காலனித்துவ காலம் முதல் இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்பதை அது ஒப்புக்கொண்டது. 2013 இல் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் அகழ்வது பற்றிய வினா உச்ச நீதிமன்றத்தினால் கிராம சபைகளின் முன் வைக்கப்பட்டது; 12 சபைகளும் மறுத்தன. மலை தப்பியது. மக்களிடம் கேட்டால் காடு அழியும் என்ற அச்சத்துக்கு நியமகிரி தக்க மறுமொழி.

இங்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. போரினால் உரிமையை நிலைநாட்ட இயலாது போனோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து நீக்கிய 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றமே நிறைவேற்றியது. தனியாருக்கிடையிலான வழக்கிற்கு ஏற்ற நீதி, குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே மட்டும் ஏற்காது போவது எங்ஙனம்? இடப்பெயர்வுக் காலத்தில் வளர்ந்த காட்டைக் கைவிடப்பட்ட நிலத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்ற விதி வனச் சட்டங்களிலும் இடம்பெற வேண்டும். வர்த்தமானிக்கு முன் கிராம அலுவலர் பிரிவுதோறும் மக்களின் மொழியில் அறிவித்தலும் விசாரணையும் நடைபெறவேண்டும்.

1990 இல் ஒருவர் மற்றவரை இழந்த தமிழரும் முஸ்லிம்களும் இவ்விடயத்தில் தனித்தனியே வழக்காடுவதில் பயனில்லை. முசலியின் வளவும் தீவகத்தின் தரவையும் ஒரே அனுமானத்தின் கீழேயே பறிபோகின்றன. காட்டையும் காக்கவேண்டும், காணிக்காரனையும் கேட்கவேண்டும். இரண்டையும் ஒருசேர வலியுறுத்தும் குரலை வடபுலத்தின் அரசியல் தலைமைகளிடம் நாம் எதிர்பார்க்கின்றோம்.