வட சென்னைப் பொது நூலகங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே நீளும் துறைமுக, ஆலைப் பகுதியின் அரசு நூலகங்களையும், அவற்றுக்கு முன்னோடியான படிப்பகங்களையும் பற்றியது இக்கட்டுரை. 1896-இல் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாராவின் கட்டட அழகும், 2010-இல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரம்மாண்டமும் இங்கே கிடையாது. இங்குள்ளவை பெரும்பாலும் கிளை நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள். அவற்றின் வரலாறு கட்டடத்தில் இல்லை, வரவு செலவில்தான் இருக்கிறது.

நூலக வரி

1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. அப்போது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். சட்டத்துக்குப் பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழிக்காரரான சீ. இரா. அரங்கநாதன் (1892–1972). கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக இருபது ஆண்டுகள் இதற்காக அலைந்தார். 1945-இலேயே கோலாப்பூர் சமஸ்தானம் ஒரு நூலகச் சட்டம் கொண்டுவந்தது உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் சட்டம் சென்னையினுடையதே.

சட்டத்தின் உயிர்நாடி ஒரு சின்னத் தொகை. வீட்டு வரியாகவோ சொத்து வரியாகவோ கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 6 பை, அதாவது அரையணா, நூலகத்துக்கு. 192 பை சேர்ந்தது ஒரு ரூபாய் என்பதால் கட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. பிரிட்டனில் 1850-ஆம் ஆண்டுச் சட்டமும் பவுனுக்கு அரைப் பென்னி என்றுதான் தொடங்கியது. ஆனால் அந்தக் காசில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம், புத்தகம் வாங்கக் கூடாது! 1855-இல்தான் அந்த விசித்திரத்தைத் திருத்தினார்கள். நம்முடைய அரையணாவுக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. அது பிறகு 3 பைசாவாகி, 5 பைசாவாகி, இப்போது ரூபாய்க்கு 10 பைசாவாக நிற்கிறது.

வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகள். செலவழிப்பது மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக்குழு. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இதுவே. வசூலான வரி உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்கு வந்து சேராமல் பாக்கி விழுவது தமிழ்நாட்டில் பழகிப்போன செய்தி. பாக்கி விழுந்தால் முதலில் அடிபடுவது புதுப் புத்தகமும் கட்டடப் பழுதும்தான்.

வட சென்னைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சட்டம் சென்னை நகருக்கு ஓர் ஆணைக்குழுவையும் மாவட்டங்களுக்குத் தனித்தனி ஆணைக்குழுக்களையும் வைத்தது. ராயபுரம் நகருக்குள் இருந்தது. திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் தனி நகராட்சிகள். செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனவை. 2011-இல் அவை சென்னை மாநகராட்சியோடு இணைந்தன; வருவாய்க் கணக்கில் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018-இல். ஆகவே ஒரே பஸ்ஸில் அரை மணியில் போய்விடக்கூடிய இரண்டு ஊர்களின் நூலகங்கள் நெடுங்காலம் வேறு வேறு கணக்குப் புத்தகத்தில் இருந்தன.

படிப்பகங்கள்

அரசு வருவதற்கு முன்பே இங்கே வாசிப்பு இருந்தது. வாசிப்பவரை விடக் கேட்பவர் அதிகம். 1918-இல் பெரம்பூர்ப் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான காலத்திலிருந்து, ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்பது ஆலைப் பகுதிகளின் வழக்கமானது. தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் 1949 செப்டம்பரில் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில்தான் இருக்கிறது. அதை அடுத்த ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு மன்றமும் படிப்பகமும் முளைத்தன. ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, நாலு நாளிதழ், சுவரில் தலைவர் படம்: அவ்வளவுதான் முதலீடு. ‘நூலகம்’ என்பதை விட ‘படிப்பகம்’ என்ற சொல் இங்கே நாக்கில் எளிதாக வருவதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

துறைமுகத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில், லிங்கிச் செட்டித் தெருவில், 1958-இல் தொடங்கிய மறைமலையடிகள் நூலகம் வேறு ரகம். அடிகள் (1876–1950) தாமே சேர்த்த நூல்களை மூலதனமாகக் கொண்டு, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை ஏற்படுத்தியது. தமிழ் ஆராய்ச்சியாளர் பலர் அதன் படியேறியவர்கள். அந்தத் தொகுப்பு பின்னர் கன்னிமாரா வளாகத்துக்குப் போய்விட்டது. நூல்கள் பத்திரமாயின, வடக்கே ஓர் இடம் காலியாயிற்று.

பராமரிப்பு

கடற்கரை ஊரில் புத்தகத்துக்கு முதல் எதிரி கரையான் அல்ல, காற்று. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் மெல்லிய நூல்களின் நடுவே அடித்த கம்பி துருப்பிடிக்கும். துரு தாளைப் பழுப்பாக்கித் தின்னும். ஒரு நாள் பிரித்தால் நடுப்பக்கம் மட்டும் கையோடு வந்துவிடும். கம்பியைக் கழற்றிவிட்டு நூலால் தைப்பதுதான் வழி. பைண்டிங் வேலை தெரிந்தவர்கள் பசை காய்ச்சும்போதே மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்பார்கள், பூச்சி அண்டாது. இரும்பு அலமாரியும் துருப்பிடிக்கும் என்பதால் அதைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும்.

அடுத்தது தூசு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாண்ட காலத்தில், ராயபுரத்து மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் படிந்த கரி, ஜன்னல் ஓரத்துப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடவில்லை. உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. கரித்தூளும் கூடவே வடக்கே போனது என்று எண்ணூர்க்காரர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் தண்ணீரோடு எண்ணெயும் மிதந்து வந்தது. தாழ்ந்த பகுதி நூலகத்தில் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலியாக விடுவது வீண் அல்ல. நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்தி, இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துவது பலன் தரும்.

இன்றைய வாசகர்

காலையில் நாளிதழுக்கு வரும் ஓய்வுபெற்றவர்களும், சொந்தப் புத்தகத்தோடு வந்து மாலைவரை உட்காரும் போட்டித் தேர்வு மாணவர்களும்தான் இப்போது பெரும்பான்மை. பின்னவர்களுக்கு வேண்டியது அலமாரி அல்ல. மேசை, விளக்கு, அமைதி. வீட்டில் அவை கிடைப்பதில்லை. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் இந்தத் தேவையைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. ஆனால் படிக்க இடம் கொடுப்பதும் புத்தகம் கொடுப்பதும் ஒன்றல்ல. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடும் அபாயம் இருக்கிறது.

1,000 ரூபாய் கொடுத்து ‘புரவலர்’ ஆகிறவர்களும், கூட்டம் நடத்தி, நன்கொடை திரட்டி, மின்விசிறி வாங்கிப் போடும் வாசகர் வட்டங்களும் பல கிளைகளைத் தாங்கி நிற்கின்றன.

சொந்த வீடு உள்ளவர்கள் அரையாண்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி எவ்வளவு என்று தெரியும். வாடகை வீட்டுக்காரர்கள் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது, உறுப்பினர் அட்டை வாங்குவது ஒன்றுதான் பாக்கி. போகிற நாள் வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளை நூலகங்களுக்கு வழக்கமாக அன்றுதான் வார விடுமுறை.