நீலகிரிச் செம்மறியும் சாண்டிநல்லாப் பட்டியும்

நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை அமர்த்துவது பழைய வழக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமைக் கீதாரிகள் மந்தைகளோடு வந்திறங்குவர். ஆடுகள் இரவில் அடையும் வயலுக்கு அவற்றின் புழுக்கையும் நீருமே உரம். நாம் சிறுவராயிருந்த நாளில் அக்கிடைகளில் கண்ட ஓரினம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மேலெல்லாம் செம்பழுப்பு, அடிவயிறும் கால்களும் கறுப்பு. கீழ்ப்புறம் கறுத்திருப்பதால் அதற்குக் 'கீழக்கரிசல்' என்று பெயர். இன்று வரும் மந்தைகளில் அதனைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது. கலப்பு ஆடுகளே மிகுதி.

ஆட்டினம் ஒன்று மறைவதற்கு ஆடுகளே அற்றுப்போக வேண்டுவதில்லை. மந்தை பெருகியிருக்கும்போதே இனம் மறையலாம். வளர்ந்த நல்ல கிடா இறைச்சிக்கு விலைபோகிறது. அகப்பட்ட வேற்றினக் கிடா மந்தையில் நிற்கிறது. சில தலைமுறைகளில் பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

ஆடுகளை வகையறிந்து பேணுவது நமக்குப் புதிதன்று. கால்நடைகள் எனப் பொருள்படும் 'அல்அன்ஆம்' என்பது திருமறையின் ஆறாம் அத்தியாயத்தின் பெயர். அதில் செம்மறியும் வெள்ளாடும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அரபியில் முன்னது 'ளஃன்'; பின்னது 'மஃஸ்'. ஹிஜ்ரி 255-ல் மறைந்த பேரறிஞர் அல்ஜாஹிஸ், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் விலங்கு நூலில் இவ்விரண்டின் சிறப்புகளையும் ஒப்புநோக்கி விரிவாக ஆராய்கிறார். நபிமார்கள் ஆடு மேய்த்தவர்கள் என்பதும், நம் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்கள் தரும் செய்தி.

அருகிவரும் இனம் ஒன்றைப் பட்டியிட்டுக் காத்துவரும் வரலாறு நம் தமிழகத்திலேயே உண்டு. அது நீலகிரிச் செம்மறியின் வரலாறு. தென்னகத்தின் வெப்பநாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் இறைச்சிக்கானவை. அவற்றின் உடலில் இருப்பது முடியேயன்றி மெல்லிய கம்பளியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் கோயமுத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல்நாட்டு இனங்கள் கலந்தன. அக்கலப்பு மலையின் குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து, நாளடைவில் தனியினமாக நிலைபெற்றது. உடல் வெண்மை, காதுகள் அகன்று தொங்குவன, பெட்டைக்குக் கொம்பில்லை. ஆடை நெய்யத்தக்க மென்கம்பளி தரும் தென்னாட்டு இனம் இதுவே.

ஆயினும் மலையில் தேயிலைத் தோட்டம் பரவியது. புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கவே, மந்தைகளும் சுருங்கின. இன்று அவ்வினத்தின் முதன்மையான புகலிடம் உதகையிலிருந்து பைக்காரா செல்லும் வழியிலுள்ள சாண்டிநல்லா செம்மறியாட்டு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையம். 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அது இயங்கிவருகிறது.

அந்நிலையத்தின் பணியில் ஒரு நுட்பம் உண்டு. கம்பளியைப் பெருக்க, நீலகிரி ஆட்டோடு மெரினோவையும் ரம்புலேயையும் கலந்து 'சாண்டினோ' என்னும் புதிய இனத்தை அங்கே உருவாக்கினர். அதில் நீலகிரிக் குருதி எட்டில் மூன்று பங்கு. ஆனால் புதியது வந்தது என்று பழையதைக் கைவிடவில்லை. கலப்பே தீது என்று நாம் சொல்லவரவில்லை. நீலகிரி ஆடே கலப்பில் பிறந்ததன்றோ! மூலத்தை இழந்துவிட்டால் மீண்டும் தொடங்க வழியில்லை என்பதே பொருள்.

இதன் அருமையை வங்கத்துச் சுந்தரவனத்துக் காரோல் ஆடு காட்டுகிறது. அது பதினைந்து கிலோகூட எட்டாத சிற்றாடு. ஆனால் ஓர் ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகள் ஈனும். 1792-93-ல் கல்கத்தாவிலிருந்து வங்க ஆடுகள் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றன. பிற்காலத்தில் அங்கே பல குட்டி ஈன்று புகழ்பெற்ற புரூலா மெரினோவின் மரபணு 2001-ல் கண்டறியப்பட்டது. அதே மரபணு காரோலிலும் இருப்பது தெரிந்தபின், அது வங்க ஆடுகளின் வழியே சென்றதென அறிஞர் கருதலாயினர். மராட்டியத்துப் பல்டனில் காரோலைத் தக்காணி ஆட்டோடு இணைத்து, இடையர்க்குக் கூடுதல் குட்டி கிடைக்கச் செய்தனர். சிற்றாடென்று காரோலை அழியவிட்டிருந்தால் இப்பயன் ஏது?

குர்பானிக்குக் குறையற்ற கிடாவையே நாம் தேடுகிறோம், அது முறையே. ஆனால் குறையற்ற கிடாதான் மந்தையின் வித்தும் ஆகும். ஆகவே விலைபேசும்போது, "பொலிகிடா ஒன்றை நிறுத்திவைத்தீரா?" என்று கீதாரியிடம் ஒரு சொல் கேட்போம். நிறுத்தவில்லை என்றால், அம்மந்தையின் முதல் கிடாவை அவரிடமே விட்டு அடுத்ததை வாங்குவோம். அதுவும் குறையற்றதாயின் நம் கடமைக்கு ஒரு குறைவும் இல்லை. அடுத்த கும்பப்பூவிற்கு வரும் கிடையிலும் கீழக்கரிசல் இருக்கும்.