காலிக்கூடு எந்தப் பக்கம் விழுகிறது?

வின்செஸ்டர் 94, சாவேஜ் 99. அமெரிக்க மான் வேட்டைக்காரர் வீட்டில் தாத்தா காலத்து லீவர் துப்பாக்கி இருந்தால், அது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவோ மார்லின் நிறுவனத்துடையதாகவோ இருக்கும். முதலாவது 1894இல் வந்தது, இரண்டாவது 1899இல். இரண்டிலும் பிடிக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். தொலைநோக்கி பொருத்துவதை மனத்தில் வைத்து இரண்டையும் யாரும் வடிவமைக்கவில்லை. வேட்டைத் துப்பாக்கிக்கு ஸ்கோப் என்பது அன்று அபூர்வம்.

ஆனால் பழைய துப்பாக்கிக்கு அதன் காலத்து ஸ்கோப்பையும் அதைத் தாங்கும் பழைய மவுண்டையும் தேடிப் புறப்படுகிறவருக்கு, இந்த இரண்டும் வெவ்வேறு உலகங்கள். சுட்டு முடித்த காலிக்கூடு எந்தப் பக்கம் தெறித்து விழுகிறது என்பதுதான் காரணம்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த 94இல், தோட்டா ஏறி இறங்கும் உடற்பகுதியான ரிசீவரின் மேற்புறம் திறந்தது. லீவரை இறக்கியதும் கூடு நேராக மேலே எழும்பி, சுடுபவரின் தொப்பிக்கு மேலாகப் பறக்கும். ஸ்கோப்பை வழக்கம்போல் குழலுக்கு நேர்மேலே வைத்தால் கூடு அதன் அடிவயிற்றில் மோதித் திரும்ப உள்ளே விழும். ஆகவே 94க்கான பழைய மவுண்டுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஒதுங்கி நிற்பவை. வீவர், வில்லியம்ஸ் போன்ற நிறுவனங்களின் பக்கவாட்டு மவுண்டுகள் ரிசீவரின் இடது சுவரில் திருகப்பட்டு, ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளிப் பிடித்தன. ஸ்கோப்பைக் குழலின் மேல் வெகுதூரம் முன்னே கொண்டுபோவது இன்னொரு வழி. அதற்கு, கண்ணிலிருந்து விலகி இருந்தாலும் படம் தெளிவாகத் தெரியும் தனி வகை ஸ்கோப் வேண்டும்.

இடப்பக்கம் தள்ளிவைத்தால் குறி தவறாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டால் பயம் போய்விடும். ஸ்கோப் குழலுக்கு ஒரு அங்குலம் இடதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கெஜத்தில் குறியும் குண்டும் சந்திக்கும்படி சரிசெய்தால், 50 கெஜத்தில் குண்டு அரை அங்குலம் வலதில் படும். 200 கெஜத்தில் ஒரு அங்குலம் இடதில் படும். மானின் நெஞ்சளவுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. உண்மையான தொல்லை கன்னத்தில்தான் இருக்கிறது. 94இன் பின்கட்டை, குழலை ஒட்டிய இரும்புக் குறிகளைப் பார்ப்பதற்காகத் தாழ்வாகச் செதுக்கப்பட்டது. ஸ்கோப்பை எட்டிப் பார்க்கத் தலையை உயர்த்தி இடப்பக்கம் சாய்த்தால், கன்னம் கட்டையை விட்டு அந்தரத்தில் நிற்கும். கட்டையில் தோல் பட்டை கட்டி உயர்த்திக்கொள்கிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக இராது.

ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் தொழிற்சாலை தொடங்கினார். அவருடைய 99இல் ரிசீவரின் மேற்புறம் மூடியது. கூடு வலப்பக்கமாக வெளியேறும். கட்டைவிரலால் இழுக்க வேண்டிய, வெளியே துருத்தும் ஹாமரும் இல்லை என்பதால், ஸ்கோப்புக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்துத் தடவ வேண்டிய வேலை மிச்சம். ஸ்கோப்பை நேர்மேலே, தாழ்வாக, நாகரிகமாக உட்கார்த்தலாம். ஐம்பது ஆண்டுக்குப் பின் வரப்போகிற பழக்கத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது, அவர் அப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை என்றாலும்.

அதனால் 99க்குத் தேடல் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். சுமார் 1950 வரை வந்த 99களில் மேலே திருகுத் துளையே கிடையாது. துளை போட்டால் மவுண்ட் உட்காரும், ஆனால் சேகரிப்பாளர் கண்ணில் துப்பாக்கியின் மதிப்பு அன்றே சரியும். டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஸ்டித் மவுண்டுகளுக்கு இன்றும் கிராக்கி இருப்பது இதனால்தான். குழலின் மேல் பின்குறி உட்கார்ந்திருக்கும் வெட்டையும், பின்னால் ஏற்கெனவே இருந்த திருகுத் துளைகளையும் பற்றிக்கொண்டு, புதிதாக ஒரு துளையும் போடாமல் அவை நிற்கும். பக்கவாட்டுத் தகடு வேண்டும் என்கிறவர்களுக்குக் கிரிஃபின் அண்ட் ஹவ் நிறுவனத்தின் தரமான மவுண்ட் உண்டு, பணம் இருந்தால்.

மவுண்ட் கிடைத்ததும் அடுத்த சிக்கல் தடிமன். பழைய ஸ்கோப் குழாய்கள் ஒரே அளவல்ல. வீவர் 330 போன்றவை முக்கால் அங்குலம். லைமன் அலாஸ்கன் எட்டில் ஏழு அங்குலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வீவர் கே வரிசை ஒரு அங்குலம். முக்கால் அங்குல வளையத்தில் அலாஸ்கன் நுழையாது. பெரிய வளையத்தில் சிறு குழாயைத் தகடு சுற்றி இறுக்கினால் நாலு குண்டுக்குள் நகர்ந்துவிடும். பிறகு திருகு. பழைய மவுண்ட் விற்பவர் வளையத்தைத் தருவார், திருகுகளைத் தொலைத்திருப்பார். இவற்றில் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 48 மரை கொண்ட 6-48 வகை. தெருமுனை இரும்புக்கடையில் கிடைக்காது, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

94 வாங்குபவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வின்செஸ்டர், கூடு சாய்வாக வலப்பக்கம் போகும்படி 94ஐ மாற்றி, மேலே ஸ்கோப் வைக்க வழிசெய்தது. அதற்கான மவுண்டும் ‘94க்கு உரியது’ என்றுதான் கண்காட்சி மேசைகளில் கிடக்கும். 1950இல் செய்த துப்பாக்கிக்கு அது ஒன்றுக்கும் உதவாது. அதுபோலவே, முன்பே யாரோ இடது சுவரில் துளை போட்ட 94 என்றால், துளைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் தகட்டுக்கும் துளைவரிசை வேறு.

என் தீர்ப்பு இரண்டுக்கும் ஒன்றல்ல. 99க்காக அலையலாம். கண்காட்சிகள், ஓய்வுபெற்ற பழுதுபார்ப்பவர்களின் இழுப்பறைகள், இறந்தவர் வீட்டு ஏலங்கள் என்று தேடுகிற உழைப்புக்குப் பலன் உண்டு. அதன் சுழல் அறையில் தோட்டாக்கள் ஒன்றின் முனை மற்றொன்றின் பின்புறத்தில் இடிக்காமல் கிடப்பதால், கூர்முனைக் குண்டு போடலாம். நொடிக்கு 3000 அடி வேகத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் .250-3000 தோட்டா 1915இல் இதற்காகத்தான் வந்தது. அப்படிப்பட்ட தோட்டா எட்டும் தூரத்தில் ஸ்கோப்புக்கு வேலை இருக்கிறது. 94இன் குழாய் அறையிலோ தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கூர்முனை முன்னதன் பற்றவைப்பு மூடியைக் குத்திவிடக் கூடாது என்று மொண்ணைமுனைக் குண்டு போடுவதே வழக்கம். .30-30 தோட்டாவின் மொண்ணைக்குண்டு 150 கெஜத்துக்கு அப்பால் வேகமாகச் சரியும். அடர்ந்த காட்டில் மான் அதைவிட அருகில்தான் நிற்கும். அதற்கு லைமனோ வில்லியம்ஸோ செய்த பழைய துளைக்குறி (பீப் சைட்) ஒன்றே போதும். ஸ்கோப் மவுண்டைவிடச் சுலபமாகக் கிடைக்கிறது, துப்பாக்கியின் மெலிந்த உடலையும் கெடுக்காது.

ஒரே விலக்கு, வயதான கண். பின்குறியையும் முன்குறியையும் ஒருசேரப் பார்க்க முடியாமல் போனவர், தாத்தாவின் 94ஐ விட மனமில்லாதவர், ஏற்கெனவே துளை விழுந்த துப்பாக்கியாகப் பார்த்து இடப்பக்க மவுண்டை மாட்டிக்கொள்ளட்டும். முழுசாக இருக்கும் ரிசீவரில் மட்டும் துரப்பணத்தை வைக்க வேண்டாம்.