பெப்ரவரி இரண்டு: புத்தளக் கரையின் இரு வரலாறுகள்

ஒரே திகதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒருங்குசேர்த்துத் தரும் வழக்கம் செய்தித்தாள்களிலும் நாட்காட்டிகளிலும் நெடுங்காலமாக உண்டு. அவ்வரிசையில் ஒரு போரின் முடிவும் ஓர் அரசரின் பிறப்பும் அருகருகே, காரணகாரியத் தொடர்பின்றி நிற்கும். திகதியின் ஒற்றுமை தற்செயலானது. அதிற் பொருள் தேடுவது சோதிடமேயன்றி வரலாறாகாது. ஆனால், ஒரு நாளில் நிகழ்ந்தவற்றுள் எவை நினைவுகூரப்படுகின்றன, எவை கைவிடப்படுகின்றன என்பதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களைப் புத்தளக் கரையை முன்னிறுத்தி நோக்குவதே இங்கு நமது முயற்சியாகும்.

பெப்ரவரி 2 உலக வரலாற்றில் அறியப்பட்ட நாள். 1943 இல் அந்நாளில் ஸ்டாலின்கிராட்டில் எஞ்சிநின்ற ஜேர்மன் படைகள் சரணடைந்தன. 1990 இல் அதே நாளில் தென்னாபிரிக்க ஜனாதிபதி டி கிளார்க், ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் மீதும் கம்யூனிஸ்ட் கட்சியின் மீதும் விதிக்கப்பட்டிருந்த தடைகளை நீக்குவதாக அறிவித்தார். இவ்விரண்டும் பாடநூல்களிலே இடம்பெற்றவை. புத்தளத்துக்கு இந்நாள் வேறு இரண்டு நிகழ்ச்சிகளால் உரியதாகின்றது.

முதலாவது, 1971 பெப்ரவரி 2 ஆந் திகதி ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டமை. நீர்ப்பறவைகளின் வாழிடங்களைக் காப்பதே அதன் தொடக்க அக்கறை. 1997 முதல் இந்நாள் உலக ஈரநில தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. 2021 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அதனை அங்கீகரித்தது. களப்பும் கண்டற் காடும் உப்பளமும் குளங்களும் செறிந்த புத்தள மாவட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் குளத்தொகுதி 2001 இலும், மாவட்டத்தின் வட எல்லையிற் பரந்துகிடக்கும் வில்பத்து 2013 பெப்ரவரி 2 ஆந் திகதியன்றும் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தன.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு எந்தச் சர்வதேசப் பட்டியலிலும் இடமில்லை. 1976 பெப்ரவரி 2 ஆந் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலினுள் பொலிசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். ஏழு முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அக்காலத்து இனக்கலவரத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. தேசிய அரசுப் பேரவையில் இதனை எழுப்பியவர் தமிழர் தலைவரான சா. ஜே. வே. செல்வநாயகம். அப்போது ஆட்சியிலிருந்தது சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு. சமசமாஜக் கட்சி 1975 செப்டெம்பரில் அதிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது; கம்யூனிஸ்ட் கட்சியோ 1977 வரை அதில் அங்கம் வகித்தது. சிறுபான்மை மக்கள் மீதான அரச வன்முறையை ஆராயும் இடதுசாரி வரலாறு இவ்வுண்மையைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

நீருக்கு ஒரு வரலாறும் மனிதருக்கு வேறொரு வரலாறும் எழுதப்படும் போக்கு 1990 இல் மேலுந் தெளிவாகின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 15 ஆந் திகதி ராம்சார் உடன்படிக்கை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். மன்னார்த் தீவினின்றும் படகேறிய பலர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அகதிகளுட் பெரும்பாலோருக்குப் புத்தள மாவட்டமே புகலிடமாயிற்று. தேங்காயெண்ணெய் ஆலையிலோ பெருந்தோட்டத்திலோ அல்ல, ஓலைக் குடிசைகளிலும் வெங்காயத் தோட்டக் கூலியிலும் களப்பு மீன்பிடியிலும் அவர்தம் வாழ்வு தொடர்ந்தது. உள்ளூர் ஏழைகளும் அகதிகளும் ஒரே வேலைக்கும் ஒரே கிணற்றுக்கும் போட்டியிட நேர்ந்தது.

போர் 2009 இல் முடிந்தபின் முசலிப் பகுதிக்குத் திரும்பியோர், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலங்கள் 2012 இல் ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருப்பதைக் கண்டனர். இருபது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்த நிலத்திற் காடு வளர்ந்தது இயல்பு. அங்கு ஆளில்லாமற் போனதோ பலவந்தத்தின் விளைவு. இவ்விரண்டாவது உண்மையை மறந்து முதலாவதை மாத்திரம் பேசியவர்களுக்கு, திரும்பி வந்தோர் வில்பத்துவை அழிப்போராகத் தோன்றினர். 2017 இல் அப்பகுதி மாவில்லு வனமாக மீண்டும் பிரகடனஞ் செய்யப்பட்டது.

காடும் களப்பும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பெருமளவில் மாற்றியமைத்தவை எவை என்பதே கேள்வி. 1980 களிலிருந்து சிலாபம் முதல் புத்தளம் வரை இறாற் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல பண்ணைகள் பாழ்நிலமாக விடப்பட்டன. அருவக்காட்டில் சீமெந்துத் தொழிலுக்குச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்டது. நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற் திறனை எட்டியது. மூலதனம் நிலத்தை மாற்றும்போது அது அபிவிருத்தி எனப்படுகின்றது. உழைப்பவன் குடிசைக்கு இடந்தேடும்போது அது ஆக்கிரமிப்பு எனப்படுகின்றது. இயற்கையை மக்களிடமிருந்து பிரித்துக் காணும் பார்வை இப்பெயரிடலுக்குத் துணைநிற்கின்றது. பறவைக்கு ஒரு நாளை ஒதுக்கி, அதே நாளில் மாண்ட மனிதரை மறப்பது அப்பார்வைக்கு எளிது.

ஈரநில தினத்தைக் கைவிட வேண்டுமென்பது நமது வாதமன்று. களப்பின் வரலாறு அதனை நம்பி வாழ்வோரின் வரலாற்றோடு சேர்த்து எழுதப்படல் வேண்டும். புத்தளத்துப் பாடசாலைகளில் பெப்ரவரி 2 இல் கண்டற் கன்று நடுவோர், 1976 இல் அந்நகரின் பள்ளிவாசலில் நிகழ்ந்ததையும் அறிந்திருத்தல் தகும். இதற்கு முதற்கண் வேண்டுவது ஆதாரத் திரட்டு: பேரவை அறிக்கைகள், அக்காலத்துச் செய்தித்தாள்கள், பள்ளிவாசற் பதிவுகள், எல்லாவற்றுக்கும் மேலாக நேரிற் கண்டோரின் வாய்மொழி. அன்று இளைஞராயிருந்தோர் முதுமையெய்திவிட்டனர். நமது ஆய்வு மாணவர்கள் இப்பணியை இனியும் தள்ளிப்போடலாகாது.